மொழி தெரியாமல் வெளிநாட்டு வேலை: எந்த ஊர் யாருக்குச் சரிப்படும்?

தண்டையார்பேட்டையில் வெல்டிங் சொல்லித்தருகிற என்னிடம் வருகிற பையன்கள் பலருக்கும் மணலியிலோ எண்ணூரிலோ காட்டுப்பள்ளியிலோ ஒப்பந்த வேலை கிடைத்துவிடுகிறது. ஓரிரண்டு வருடம் கை பழகியதும் அடுத்த பேச்சு வெளிநாடுதான். கேள்வியும் பெரும்பாலும் ஒன்றே. "மாஸ்டர், எனக்கு இங்கிலீஷே தடுமாறும். அந்த ஊர் பாஷை சுத்தமாத் தெரியாது. போலாமா?"

போகலாம். அப்படித்தான் லட்சக்கணக்கான பேர் போய்ச் சம்பாதித்திருக்கிறார்கள், நானும் போனவன்தான். ஆனால் எந்த ஊர் என்று முடிவு செய்யும்போது எல்லோரும் சம்பளத்தை மட்டும் எடுத்து வரிசையாக வைத்துப் பார்க்கிறார்கள். அதற்கு முன்னால் வேறொரு கேள்வி கேளுங்கள் என்று நான் சொல்வேன்: அங்கே உங்களுக்காகப் பேசப்போவது யார்? சம்பளத்தில் 2 மாதம் பிடித்துவிட்டார்கள், விரல் நசுங்கிவிட்டது, ஊரில் அப்பாவுக்கு முடியவில்லை, லீவு வேண்டும். இதையெல்லாம் நீங்களே சொல்ல முடியாத இடத்தில் யாரோ ஒருவர் உங்கள் சார்பில் சொல்வார். அவர் ஏஜெண்டின் ஆளாக இருக்கலாம், சூப்பர்வைசராக இருக்கலாம், அரசாங்கமே வைத்திருக்கிற மொழிபெயர்ப்பாளராகவும் இருக்கலாம். எந்த ஊரில் யார் என்பதைப் பொறுத்துத்தான் என் கணக்கு.

வளைகுடாவில் இருந்து தொடங்குகிறேன். மணலி ரிஃபைனரியில் ஷட்டவுன் வேலை, அதாவது ஆலையை நிறுத்திவைத்துச் செய்கிற பராமரிப்பு வேலை, பார்த்த ஃபிட்டர், ரிக்கர், சாரம் கட்டுகிறவர் யாருக்கும் முதல் அழைப்பு அங்கிருந்துதான் வரும். அவர்களுக்கு சவூதியின் ஜுபைலும் அமீரகத்தின் ருவைஸும் புது உலகம் கிடையாது. அதே ஃபிளாஞ்ச், அதே கேஸ்கெட், அதே பெர்மிட் சீட்டு. அரபி தெரியாதே என்று பயப்பட வேண்டியதில்லை. சைட்டில் அரபி காதில் விழுவதே குறைவு. கேம்ப்பிலும் சைட்டிலும் ஓடுகிற பாஷை இந்தியும் உருதுவும். அடுத்தது மலையாளம். ஃபோர்மேனுக்கு மேலே போனால் ஆங்கிலம். ஆக, வளைகுடாவுக்குப் போகிற தமிழ்ப் பையனுக்கு உண்மையில் இல்லாமல் போகிற மொழி இந்திதான். மண்ணடி, ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை பக்கம் வீட்டில் உருது பேசி வளர்ந்தவர்கள் அங்கே முதல் வாரமே சமாளித்துவிடுவதையும், அதே பேட்ச்சில் போன மற்ற பையன்கள் மாதக்கணக்கில் வாயைத் திறக்காமல் இருப்பதையும் பார்த்திருக்கிறேன்.

சமாளிப்பது என்றால் கடையில் ரொட்டி வாங்குவதைச் சொல்லவில்லை. காலையில் வேலை தொடங்குமுன் டூல்பாக்ஸ் மீட்டிங் என்கிற பாதுகாப்புப் பேச்சு நடக்கும். நான் ஜுபைலில் இருந்தபோது சேஃப்டி அதிகாரி ஆங்கிலத்தில் சொல்வார்: இந்த வெசலுக்குள், அதாவது இந்தப் பெரிய இரும்புக் கலனுக்குள், நைட்ரஜன் விட்டிருக்கிறது, டெஸ்ட் எடுத்து டேக் மாட்டுகிறவரை யாரும் உள்ளே இறங்குகிற மேன்ஹோல் பக்கம் போகக்கூடாது. அதை சூப்பர்வைசர் இந்தியில் சுருக்குவார்: உள்ளே கேஸ் இருக்கிறது, போகாதே. கடைசி வரிசையில் நிற்கிற தமிழ்ப் பையன் பக்கத்தில் இருப்பவனைக் கேட்பான், "என்னடா சொல்றாரு?" அவன் சொல்வான், "ஏதோ கேஸாம், பாத்துப் போகச் சொல்றாரு." போகாதே என்றது இரண்டு வாய் மாறியதும் பார்த்துப் போ என்று ஆகிவிட்டது. கேஸ் என்றால் நாற்றம் வரும், மூக்கிலேயே தெரிந்துவிடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நைட்ரஜனுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. அது ஆக்சிஜனைத் தள்ளிவிட்டு நிற்கிற இடத்தில் தலையை விட்டால் ஒன்றிரண்டு மூச்சிலேயே நினைவு போய்விடும். அதனால் எங்கள் வரிசைக்குத் திரும்பி நின்று ஒவ்வொரு வரியையும் தமிழில் சத்தமாகச் சொல்வதை நான் வழக்கமாக வைத்துக்கொண்டேன். எல்லா சைட்டிலும் அப்படி ஒருவர் இருப்பார் என்று நம்பிப் போக முடியாது.

இதற்காக வளைகுடா வேண்டாம் என்று சொல்லிவிட மாட்டேன். சட்டத்தில் சில நல்ல மாற்றங்கள் வந்திருக்கின்றன. அமீரகத்தில் வேலைக்கான ஆஃபர் கடிதத்தை அரபி, ஆங்கிலத்தோடு தொழிலாளிக்குப் புரிகிற மூன்றாவது மொழியிலும் காட்ட வேண்டும். அந்த மொழிப் பட்டியலில் தமிழும் உண்டு. கையெழுத்து போடுமுன் தமிழில் கேட்டு வாங்குங்கள், கேட்கிற உரிமை உங்களுக்கு இருக்கிறது. வழக்கு என்று வந்தால் அரபிப் பிரதிதான் நிற்கும் என்பதையும் மனதில் வையுங்கள். சம்பளத்தை வங்கி வழியாகத்தான் போட வேண்டும் என்கிற முறையை அவர்கள் 2009-லேயே கொண்டுவந்துவிட்டார்கள். கத்தாரில் 2021 மார்ச் முதல் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் 1,000 ரியால். தங்குமிடமும் சாப்பாடும் கம்பெனி தராவிட்டால் 500 ரியாலும் 300 ரியாலும் மேலே சேர்த்துத் தர வேண்டும். யாராவது 800 ரியாலுக்கு கத்தார் வேலை என்று சொன்னால் மேற்கொண்டு பேசவே வேண்டாம்.

பேசக்கூடாத இன்னொன்று ஆசாத் விசா. ஒரு கஃபீல், அதாவது விசாவுக்குப் பொறுப்பேற்கிற அந்த ஊர் முதலாளி, பெயரில் விசா அடித்துக் கொடுத்து, போய் வெளியில் எங்கே வேண்டுமானாலும் வேலை தேடிக்கொள் என்பார்கள். மொழி தெரிந்தவனுக்கே அது ஆபத்து. விசாவில் இருக்கிற முதலாளி ஒருவர், வேலை வாங்குகிறவர் இன்னொருவர் என்றால் சம்பளம் நின்றுபோனால் புகார் கொடுக்க உங்களுக்கு வழியே இல்லை. பிடிபட்டால் குற்றவாளி நீங்கள்தான்.

காசிமேட்டுக்காரர்களுக்கு வளைகுடா வேறு ரூபத்தில் வரும், விசைப்படகு வேலையாக. பஹ்ரைன், சவூதி, ஈரான் கரைகளில் தமிழ் மீனவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அதில் குமரி மாவட்டத்துக்காரர்கள் அதிகம். கடலில் மொழி பெரிதாகத் தேவைப்படாது, படகில் இருப்பவர்களும் நம்மவர்களாகவே இருப்பார்கள். ஆனால் பெரும்பாலும் சம்பளம் கிடையாது, பங்குதான். மீன் விலையை எழுதுகிற நோட்டு முதலாளியிடம் இருக்கும், அது உங்களுக்கு வாசிக்கத் தெரியாத எழுத்தில் இருக்கும். எல்லை தாண்டிப் பிடிபட்டால் படகில் இருக்கிற நீங்கள்தான் சிறைக்குப் போவீர்கள். 2020-ல் கொரோனா வந்தபோது ஈரானில் மாட்டிக்கொண்ட மீனவர்களை ஜலாஷ்வா என்ற கடற்படைக் கப்பல் ஜூலையில் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்தது. அதுவரை மாதக்கணக்கில் கரையோரத்தில் கிடந்தார்கள். அவர்களுக்காக அங்கே பேச ஆள் இல்லை. இங்கே இருந்த குடும்பங்கள் கத்தி கத்தித்தான் அந்தக் கப்பல் போனது. எல்லா வழிகளையும் எடுத்துப் பார்த்தால் என் மனதுக்கு மிகக் குறைவாகப் பிடித்த வழி இதுதான்.

சிங்கப்பூருக்கு வருவோம். மொழியை மட்டும் பார்த்தால் தமிழனுக்கு இதைவிடச் சௌகரியமான வெளிநாடு கிடையாது. அங்கே தமிழ் ஆட்சி மொழிகளில் ஒன்று. ரயில் நிலைய எச்சரிக்கைப் பலகையிலேயே தமிழ் இருக்கும். கட்டுமான வேலைக்குப் போகிறவருக்குக் கட்டாயமான பாதுகாப்பு வகுப்பைத் தமிழிலேயே படித்துத் தேர்வு எழுதலாம். நான் மேலே சொன்ன நைட்ரஜன் கதை அங்கே நடக்காது என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் ஆபத்தைத் தன் மொழியில் கேட்டுவிட்டு வேலையில் இறங்குகிற வாய்ப்பு அங்கே மிக அதிகம். சூப்பர்வைசர் சீனராக இருக்கலாம், பங்களாதேஷ்காரராக இருக்கலாம், நடுவில் ஓடுவது ஒரு உடைந்த ஆங்கிலம். சில மாதங்களில் அது பழகிவிடும்.

அதைவிட முக்கியம், காகிதம். கிளம்புவதற்கு முன்னாலேயே அந்த அரசின் கொள்கையளவு ஒப்புதல் கடிதம், எல்லோரும் ஐபிஏ என்று சொல்வது, உங்கள் கைக்கு வந்தாக வேண்டும். அதில் அடிப்படைச் சம்பளம், அலவன்ஸ், எதற்கு எவ்வளவு பிடிப்பார்கள் என்று வரி வரியாக இருக்கும். தாய்மொழிப் பிரதியும் உண்டு. உங்கள் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் அந்தச் சம்பளத்தை முதலாளி குறைக்க முடியாது. கடிதம் நிஜமா போலியா என்று மனிதவள அமைச்சின் இணையதளத்தில் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். சிங்கப்பூர் ஏஜென்சி தொழிலாளியிடம் வாங்கக்கூடிய கட்டணத்துக்கும் உச்சவரம்பு இருக்கிறது. ஒப்பந்தத்தில் ஒரு வருடத்துக்கு ஒரு மாதச் சம்பளம், எப்படிப் பார்த்தாலும் 2 மாதத்துக்கு மேல் போகக்கூடாது. சம்பளப் பிரச்சினை என்றால் முறையிட அரசு அமைப்பு இருக்கிறது. வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கென்றே நிலையமும் இருக்கிறது. இங்கெல்லாம் தமிழில் பேச முடியும். உங்களுக்காகப் பேச வேண்டியவர் பல நேரம் நீங்களே. என் பார்வையில் சிங்கப்பூரின் பெரிய சம்பளமே இதுதான்.

அப்புறம் ஏன் எல்லோரையும் அங்கே அனுப்பவில்லை? கடன். கட்டுமானத்துக்குப் போக முதலில் திறன் தேர்வு தேற வேண்டும். அந்தப் பயிற்சி, தேர்வு, ஏஜெண்ட் என்று நம் ஊரில் லட்சங்களில் பேசுகிறார்கள். அங்கே சட்டப்படி குறைந்தபட்சச் சம்பளம் என்று பொதுவாக ஒன்று கிடையாது. புதுசாகப் போகிறவருக்கு அடிப்படைச் சம்பளம் குறைவாகவே இருக்கும், ஓவர்டைமில்தான் பணம். வொர்க் பெர்மிட் பெரும்பாலும் 2 வருடம்தான். அம்மாவின் நகையை அடகு வைத்து, மிச்சத்துக்கு மீட்டர் வட்டி வாங்கிப் போனால் முதல் வருடம் முழுக்க வட்டிக்காரருக்கு உழைக்க வேண்டியிருக்கும். கடனில் இருக்கிறவன் தமிழ் பேசுகிற ஊரிலும் வாயைத் திறக்க மாட்டான், எங்கே திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று. ஆகவே சிங்கப்பூர் என்றால் கையில் ஒரு நல்ல டிரேடோடு போங்கள். சாய்வாக நிறுத்திய பைப்பைச் சுற்றி வெல்டிங் போடுகிற 6ஜி தேர்வில் பாஸ் ஆன ஆர்கான் வெல்டராக, பைப் ஃபிட்டராக, ஷிப்யார்டுக்கோ பிராசஸ் பிளாண்டுக்கோ போகிறவருக்கும் ஹெல்ப்பராகப் போகிறவருக்கும் ரொம்ப வித்தியாசம்.

துறைமுகத்தைப் பார்த்து வளர்ந்த நம் பையன்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. கப்பல். இதில் உள்ளூர் மொழி என்ற பேச்சுக்கே இடமில்லை. பிலிப்பைன்ஸ்காரர், உக்ரைன்காரர், நம்மவர் என்று கலந்திருக்கிற கப்பலில் எல்லோருக்கும் பொது ஆங்கிலம்தான். அதுவும் அளவான ஆங்கிலம். கப்பலில் பேச வேண்டிய வாக்கியங்களையே தொகுத்து சர்வதேச கடல்சார் அமைப்பு 2001-ல் ஏற்றுக்கொண்டிருக்கிறது. பத்தாம் வகுப்பு ஆங்கிலம் ஒழுங்காக இருந்தால் பிடித்துவிடலாம். கப்பலில் கடைநிலை மாலுமியாகச் சேர்வதற்கான ஜிபி ரேட்டிங் என்கிற 6 மாதப் பயிற்சிக்கு பத்தாம் வகுப்பில் மொத்தமாக 40 சதவீதமும் ஆங்கிலத்தில் 40 சதவீதமும் வேண்டும். வயது பதினேழரை முதல் 25 வரை. கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கைப்படி வேலை வாங்கித்தருவதற்காக மாலுமியிடம் காசு வாங்கவே கூடாது. பாஸ்போர்ட், மருத்துவப் பரிசோதனை, சிடிசி என்கிற மாலுமிப் பதிவுப் புத்தகம் போன்ற செலவு மட்டும்தான் உங்களுடையது. இந்தியா அந்த உடன்படிக்கையை 2015-ல் ஏற்றுக்கொண்டது.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கோர்ஸ் முடித்துவிட்டுக் கப்பல் கிடைக்காமல் வீட்டில் உட்கார்ந்திருக்கிற பையன்கள் திருவொற்றியூரிலும் ராயபுரத்திலும் இருக்கிறார்கள். படித்து முடித்ததும் முதல் கப்பல் ஏறுவதுதான் இந்தத் தொழிலின் கஷ்டமான படி. அந்த அவஸ்தையைக் குறிவைத்து, இவ்வளவு கொடுத்தால் நாளைக்கே ஏற்றிவிடுகிறேன் என்று வருகிறவர்கள் உண்டு. கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தில் உரிமம் பெற்ற ஏஜென்சி பட்டியல் இணையத்திலேயே இருக்கிறது. அதில் பெயர் இல்லாதவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். பயிற்சிக்குச் சேருமுன் அந்தப் பள்ளியில் போன பேட்ச் எத்தனை பேர் கப்பல் ஏறினார்கள் என்று அந்தப் பையன்களிடமே விசாரியுங்கள். அலுவலகத்தில் கேட்டால் எல்லோரும் ஏறிவிட்டதாகத்தான் சொல்வார்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் மொழி தெரியாமலே போகிற வழிகள். மொழியைப் படித்துவிட்டுப் போகிற வழியை நம் பக்கத்தில் யாரும் பெரிதாக யோசிப்பதில்லை. அதெல்லாம் கான்வென்டில் படித்தவர்களுக்கு என்று ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. ஏஜெண்டுக்கு 3 லட்சம் புரட்ட முடிகிற வீட்டால் ஒரு வருடம் மொழி வகுப்புக்குப் பணம் கட்டவும் முடியும். முதல் செலவில் உங்களுக்காகப் பேச இன்னொருவரை வைத்துக்கொள்கிறீர்கள். இரண்டாவதில் நீங்களே பேசுகிறீர்கள்.

நர்சிங் படித்த பெண்களுக்கு ஜெர்மனி. அங்கே செவிலியர் பற்றாக்குறை கடுமையாக இருக்கிறது. திறன் தொழிலாளர் குடியேற்றச் சட்டம் 2020 மார்ச்சில் வந்தது, பிறகு இன்னும் தளர்த்தினார்கள். இந்தியர்களுக்கு ஆண்டுக்கு 20,000 என்றிருந்த திறன் தொழிலாளர் விசா அளவை 90,000 ஆக உயர்த்துவதாக 2024-ல் அறிவித்தார்கள். ஆனால் செவிலியராக முழு அங்கீகாரம் பெற பொதுவாக பி2 அளவு ஜெர்மன், அதாவது ஏ1, ஏ2, பி1 தாண்டி நான்காவது படி, வேண்டும். ஒன்றுமே தெரியாதவர் அந்த இடத்துக்கு வர 45 நிமிடப் பாடவேளை 600-க்குக் குறையாது. கூடவே உட்கார்ந்து படிக்கிற நேரம் தனி. பி1 முடித்தவர்களை முதலில் உதவியாளராக எடுத்துக்கொண்டு, மீதி மொழியையும் தகுதித் தேர்வையும் அங்கேயே முடிக்கச் சொல்கிற மருத்துவமனைகளும் உண்டு.

என் தங்கை மகள் ராயபுரத்தில் நர்சிங் முடித்துவிட்டு ஜெர்மன் படித்தாள். வாசிப்பது, எழுதுவது இரண்டும் அவளுக்குச் சீக்கிரம் வந்துவிட்டது. ஷிஃப்ட் மாறும்போது அடுத்த நர்சிடம் நோயாளியைப் பற்றிச் சொல்லி ஒப்படைக்கிற பேச்சுதான் சிக்கல். மொட்டைமாடியில் தண்ணீர் டேங்க்கை அடுத்த ஷிஃப்ட் நர்சாக வைத்துக்கொண்டு, எட்டாம் எண் படுக்கை, எண்பது வயது, இரவு 2 மணிக்கு மூச்சுத் திணறல், இந்த மருந்து இவ்வளவு கொடுத்திருக்கிறது என்று ஜெர்மனில் சொல்லிப் பார்ப்பாள். கீழ்வீட்டுக்காரர்கள் முதலில் பயந்தே போனார்கள். நோயாளி வாயால் சொல்வதைக் கேட்டுத்தான் இந்த வேலையே நடக்கிறது. கிழவர்கள் புத்தக ஜெர்மன் பேச மாட்டார்கள், ஊர்ப்பக்கத்துப் பேச்சில் முணுமுணுப்பார்கள். மொழி தெரியாமல் வெல்டிங் போடலாம், நர்ஸ் வேலை பார்க்க முடியாது. அதனால் ஜெர்மன் தேவையில்லாமலே ஜெர்மனியில் நர்ஸ் வேலை என்று யாராவது சொன்னால் அது வேலையே இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

படிக்க எங்கே போவது? தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினால் வண்டி மாறாமல் ஆயிரம் விளக்கு, அங்கிருந்து ஆட்டோவில் நுங்கம்பாக்கத்தில் ஜெர்மன் சொல்லித்தருகிற மாக்ஸ் முல்லர் பவன். தேர்வும் அங்கேயே நடக்கிறது. தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் இயங்கிவருகிறது, அதுவும் அதே மெட்ரோ வழியில் கிண்டியில்தான். செவிலியர்களுக்கு மொழிப் பயிற்சியோடு வேலை என்கிற அறிவிப்புகளை அவர்கள் அவ்வப்போது விடுகிறார்கள். தனியாரிடம் பணம் கட்டுமுன் அங்கே ஒருமுறை நேரில் போய்க் கேட்டுவிடுங்கள். படிப்புச் செலவை ஜெர்மன் மருத்துவமனையே ஏற்கிற திட்டங்களும் இருக்கின்றன. அதில் நடுவில் விலகினால் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும் என்ற வரியைத் தேடிப் படியுங்கள்.

ஜப்பானை ஏனோ நம் ஆட்கள் நினைத்துப் பார்ப்பதே இல்லை. எழுத்தைப் பார்த்ததும் பயந்துவிடுகிறார்கள். எழுத்து கஷ்டம்தான். ஆனால் வாக்கியம் நம் வாக்கியம் மாதிரியே போகும். நான் மீன் சாப்பிடுகிறேன் என்பதை 'வதாஷி வா சகானா ஓ தபேமாஸ்' என்பார்கள். நான், மீன், கடைசியில் சாப்பிடுவது. நாம் ஐ, கு, இல் என்று பெயருக்குப் பின்னால் ஒட்டுவதைப் போல அவர்களும் பின்னால்தான் ஒட்டுகிறார்கள். ஆங்கிலத்தில் தலைகீழாக யோசித்துத் தடுமாறிய பையனுக்கு இது ஒரு பெரிய நிம்மதி. 2019 ஏப்ரலில் அவர்கள் தொடங்கிய குறிப்பிட்ட திறன் விசாவுக்குப் பெரும்பாலான துறைகளில் என்4 என்கிற அடிப்படை அளவு ஜப்பானிய மொழியும் தொழில் தேர்வும் போதும். முதியோர் பராமரிப்பு, விவசாயம், உணவகம், கட்டுமானம், கப்பல் கட்டுதல் என்று துறைகள் இருக்கின்றன. முதியோர் பராமரிப்புக்கு மட்டும் கூடுதலாக ஒரு மொழித் தேர்வு. இந்தியாவோடு இதற்கு ஒப்பந்தம் 2021-ல் போட்டார்கள். அதே வேலை செய்கிற ஜப்பானியருக்குக் குறையாத சம்பளம் தர வேண்டும், தொழிலாளிக்கு நன்றாகப் புரிகிற மொழியில் அறிமுகப் பயிற்சியும் ஆலோசனையும் தர வேண்டும் என்பது விதி. முதல் நிலை விசாவில் மொத்தம் 5 வருடம், குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது. கல்யாணம் ஆனவர்கள் இதை யோசித்துக்கொள்ளுங்கள். தினமும் உட்கார்ந்து படிக்கிறவருக்கு என்4 ஒரு வருடத்துக்குள் எட்டக்கூடிய தூரம்தான். ஜெர்மன் பி2-வைவிட நிச்சயமாகக் கிட்டத்தில் இருக்கிறது.

மற்ற ஊர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ருமேனியா சில வருடங்களாக ஆண்டுக்கு ஒரு லட்சம் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு இடம் ஒதுக்கியது. அதை வைத்து இங்கே ஐரோப்பா, ஷெங்கன் (ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளைச் சுற்றலாம் என்கிற ஏற்பாடு) என்று போஸ்டர் ஒட்டுகிறார்கள். வேலை நிஜமாகவே இருக்கலாம். ஆனால் அந்த மொழியும் தெரியாது, வளைகுடா போலப் பழகிய நம் ஆள் கூட்டமும் கிடையாது. உங்களுக்காகப் பேச ஏஜெண்டைத் தவிர யாருமே இருக்க மாட்டார்கள். அங்கே போய் வேறு ஐரோப்பிய நாட்டுக்குத் தாவிக்கொள்ளலாம் என்று ஏஜெண்டே சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள். அந்த நாட்டு அனுமதி அந்த நாட்டு வேலைக்கு மட்டும்தான். தென்கொரியத் தொழிற்சாலை வேலைக்கு அரசு வழித் திட்டம் ஒன்று உண்டு. இலங்கை, நேபாளம், பங்களாதேஷ் அதில் இருக்கின்றன, இந்தியா இல்லை. இலங்கையில் இருக்கிற சொந்தக்காரர் போனார் என்பதற்காக இங்கே பணம் கட்டி ஏமாறாதீர்கள்.

மலேசியாவும் தாய்லாந்தும் இந்தியர்களுக்கு விசா இல்லாமல் உள்ளே விடத் தொடங்கியதிலிருந்து, டூரிஸ்டாகப் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்கிற பேச்சு அதிகமாகியிருக்கிறது. மலேசியாவில் தமிழ் பேசி வாழ்ந்துவிடலாம் என்பது உண்மை. பெர்மிட் இல்லாமல் பேசி என்ன பயன்? தாய்லாந்து இன்னும் மோசம். டேட்டா என்ட்ரி, டிஜிட்டல் மார்க்கெட்டிங் என்று பாங்காக் கூட்டிப்போய், அங்கிருந்து மியான்மருக்குக் கடத்தி, இணையமோசடி செய்யச் சொல்லி அடைத்து வைத்தார்கள். 2022-ல் அப்படி மாட்டிய தமிழர்களை மீட்டுக் கொண்டுவர வேண்டியிருந்தது. கம்ப்யூட்டர் தெரிந்த, ஆங்கிலம் தெரிந்த பிள்ளைகள்தான் மாட்டினார்கள்.

எந்த ஊராக இருந்தாலும் ஏஜெண்டிடம் முதலில் கேட்க வேண்டியது பதிவு எண். இந்தியக் குடிபெயர்வுச் சட்டம் 1983-ன் கீழ் பதிவு செய்த ஏஜெண்டா என்று இந்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் தேடிப் பார்க்கலாம். பதிவு பெற்ற ஏஜெண்ட் உங்களிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாய், அதற்கு மேல் ஜிஎஸ்டி. அதற்கும் ரசீது தர வேண்டும். ரசீது கேட்டதும் முகம் மாறுகிறவரிடம் பாஸ்போர்ட்டைக் கொடுக்காதீர்கள். பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் இசிஆர், அதாவது குடிபெயர்வுச் சோதனை தேவை, என்று வரும். வளைகுடா நாடுகள், மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு அவர்கள் வேலைக்குப் போக குடிபெயர்வோர் பாதுகாவலர் அனுமதி வேண்டும். அதைத் தொல்லையாக நினைத்து டூரிஸ்ட் விசாவில் நழுவப் பார்க்கிறார்கள். உங்கள் ஒப்பந்தத்தை உங்களுக்காக ஒருவர் சரிபார்க்கிற ஒரே இடம் அதுதான், அதை விட்டுவிடாதீர்கள். கூடவே பிரவாசி பாரதீய பீமா யோஜனா என்கிற காப்பீடு. 2 வருடத்துக்கு 275 ரூபாய், விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனமானாலோ 10 லட்சம். இசிஆர்காரர்களுக்கு இது கட்டாயம்.

போன மாதம் எர்ணாவூரிலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். மகன் என்னிடம் படித்த வெல்டர், வயது 23. மகள் நர்சிங் கடைசி வருடம். கையில் இருக்கிற பணம் ஒருவருக்குத்தான் ஆகும், யாரை அனுப்பலாம் என்று கேட்டார். பையனைத்தான் அனுப்பச் சொல்வேன் என்று எதிர்பார்த்து வந்திருப்பார் போல. நான் மகளின் ஜெர்மன் வகுப்புக்குக் கட்டச் சொன்னேன். பையனிடம் தொழில் இருக்கிறது, மணலியில் இப்போதே சம்பாதிக்கிறான். 6ஜி முடித்துவிட்டால் கம்பெனியே டிக்கெட் போட்டு எடுக்கிற இடத்துக்குக் கடன் இல்லாமல் போகலாம், அதற்கு ஒரு வருடம் பொறுத்தாலும் ஒன்றும் குறைந்துவிடாது. அந்தப் பெண்ணுக்குப் படிப்பு முடிந்து வேலை என்று நுழைந்துவிட்டால் நைட் டியூட்டிக்கு நடுவில் பி2 படிப்பது ரொம்பக் கஷ்டம், இந்த வருடமே தொடங்க வேண்டும். "பொண்ணத் தனியா அவ்ளோ தூரம் அனுப்பறதா சார்?" என்றார். தனியாகப் போனாலும் அவள் பேசத் தெரிந்துகொண்டு போவாள் அம்மா, உங்கள் மகன் போகிற இடத்தில் அவனுக்கு அது இருக்காது என்றேன். பையன் பக்கத்தில் நின்று தலையாட்டினான். மகளை அதற்கடுத்த திங்கட்கிழமையே ஏ1 வகுப்பில் சேர்த்திருக்கிறார்கள். பையன் மாலையில் வந்து 6ஜி பைப்புக்கு ரூட் பாஸ் என்கிற முதல் அடுக்கு வெல்டிங் போட்டுக்கொண்டிருக்கிறான், இன்னும் கீழ்ப்பக்கத்தில் ஊடுருவல் சரியாக வரவில்லை.